முதனைப் பார்வதியும் சிறை ஒழிப்பும்

'ஜெய்பீம்' படம் 2021 நவம்பரில் வந்தபோது தமிழ்நாடு முழுக்க அதே பேச்சு. வழக்கறிஞர் சந்துருவின் வாதத்தைப் பேசினார்கள், சூர்யாவின் நடிப்பைப் பேசினார்கள், ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாள்காட்டிக்காக வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். படத்தில் செங்கேணியாக வரும் பெண்ணின் உண்மைப் பெயர் பார்வதி என்பதும், நெய்வேலிக்கு அருகிலுள்ள முதனை அவருடைய ஊர் என்பதும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின. திரையில் இருளர் குடும்பமாகக் காட்டப்பட்டவர்கள் உண்மையில் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை என்று தெரிந்திருக்கும்?

1993 மார்ச் மாதம் நடந்தது இது. பக்கத்துக் கிராமம் ஒன்றில் நகை திருடுபோனது. கம்மாபுரம் காவல் நிலையத்திலிருந்து ராசாக்கண்ணுவைத் தேடி வந்தார்கள். அவர் வீட்டில் இல்லை என்பதால் மனைவி பார்வதியையும் உறவினர்களையும் கொண்டுபோய் அடித்தார்கள். பிறகு ராசாக்கண்ணு சிக்கினார். அடுத்து வந்த செய்தி, அவர் காவலிலிருந்து தப்பி ஓடிவிட்டார் என்பது. அவர் ஓடவில்லை, அடித்தே கொல்லப்பட்டிருந்தார். அடையாளம் தெரியாத பிணமாக வேறு மாவட்ட எல்லையில் கிடந்தார். பார்வதிக்குத் துணையாக நின்றவர்கள் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டவர் சந்துரு. 2006-இல் அந்த நீதிமன்றம் காவலர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கும்வரை பதின்மூன்று ஆண்டுகள் ஓடின.

படத்தை நான் மதிக்கிறேன். காவல் நிலையத்துக்குள் நடக்கும் அடியை வணிக சினிமா இவ்வளவு நேராகக் காட்டுவது எளிதல்ல. ஆனால், படத்தின் கண் வழக்கறிஞர் பின்னாலேயே போகிறது. பார்வதி போன்ற ஒரு பெண் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் செய்த வேலை அதில் பின்னணியாகிவிடுகிறது. சாட்சி சொன்னது, பயமுறுத்தலுக்குப் பணியாதது, சமரசப் பணத்தை மறுத்தது ஆகியவை இரண்டு மூன்று காட்சிகளில் வந்துபோகின்றன. வாய்தாவுக்கு வாய்தா ஊரிலிருந்து கிளம்பிப் போய் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் நேரம் படத்தில் இல்லை. கொலை வழக்குகளை உயிரோடு வைத்திருப்பது அந்த நேரம்தான். அதைப் பெண்கள்தான் தருகிறார்கள். சிறையைப் பற்றியும் காவலைப் பற்றியும் நம் ஊரில் நடக்கும் எந்த விவாதமும் இந்தப் பெண்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

உலகில் சில பத்தாண்டுகளாக ஒரு கருத்து வலுத்துவருகிறது. சிறையைச் சீர்திருத்துவது போதாது, சிறை தேவைப்படாத சமூகத்தை நோக்கி நகர வேண்டும் என்பது அது. அதைச் சிறை ஒழிப்பு இயக்கம் என்கிறோம். ஏஞ்சலா டேவிஸ் 2003-இல் வெளியிட்ட நூல், சிறைகள் காலாவதியாகிவிட்டனவா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. அவரும் ஜினா டென்ட், எரிக்கா மைனர்ஸ், பெத் ரிச்சி ஆகியோரும் சேர்ந்து 2022-இல் எழுதிய நூல் பெண்ணியத்தையும் சிறை ஒழிப்பையும் ஒரே வேலையாகப் பார்க்கிறது. அதற்கு முன்பே, 2001-இல், அமெரிக்காவின் கறுப்பின, பூர்வகுடிப் பெண்கள் அமைப்பான 'இன்சைட்'டும் 'கிரிட்டிக்கல் ரெசிஸ்டன்ஸ்' என்ற சிறை எதிர்ப்பு அமைப்பும் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன. பெண்கள் மீதான வன்முறைக்குக் காவல்துறையையே மருந்தாக நம்பியதற்காகப் பெண்கள் இயக்கத்தையும், அடிபடும் பெண்களின் வலியைக் காதில் வாங்காததற்காகச் சிறை எதிர்ப்பு இயக்கத்தையும் அந்த அறிக்கை ஒருசேரக் கண்டித்தது. நமக்கு இன்றும் தேவையான நேர்மை அது.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் 1992-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு சிதம்பரம் அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் ஒரு தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி அதே நிலையத்தில் காவலர்களால் வன்புணர்வுக்கு ஆளானார். அதே ஆண்டு ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்து 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், குழந்தைகளோடு சேர்த்து, சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் முதலில் பார்த்தது நீதிமன்றத்தை அல்ல, சிறையை. அடுத்த ஆண்டு முதனை. அதே 1992-இன் ஏப்ரலில்தான் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. காவல் நிலையத்துக்குள் பெண்கள் சிதைக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில் அரசு பெண்களுக்குக் கொடுத்தது இன்னொரு காவல் நிலையம். அங்கே போய்ப் பலன் பெற்ற பெண்கள் நிறையப் பேர் என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாம் யோசித்ததே இல்லை.

இந்தியப் பெண்கள் இயக்கத்தின் தற்காலக் கட்டமே காவல் நிலைய வாசலில்தான் தொடங்கியது. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஆதிவாசிச் சிறுமி ஒருத்தி காவல் நிலையத்தில் வன்புணர்வு செய்யப்பட்ட வழக்கில், குற்றம்சாட்டப்பட்ட காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1979-இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. அன்று எதிரில் நின்றது அரசின் கை. பிறகு வந்த பத்தாண்டுகளில் கோரிக்கை மெல்ல மெல்ல அதே கைக்கு இன்னும் பலம் கொடுங்கள் என்பதாக மாறிவிட்டது: கடுமையான தண்டனை, நீண்ட சிறை, தூக்கு. 2013-இல் நீதிபதி வர்மா குழு, பல பெண்கள் அமைப்புகளின் கருத்தைக் கேட்டு, வன்புணர்வுக்கு மரண தண்டனை வேண்டாம் என்றது. அரசு அதை மீறியே சட்டம் செய்தது. 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் நான்கு பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றபோது தமிழ்நாட்டிலும் பட்டாசு மனநிலை இருந்தது. அந்தச் சம்பவத்தில் துப்பாக்கிகள் கொல்லும் நோக்கத்தோடே இயக்கப்பட்டன என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் பின்னால் சொன்னது. அதைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. கைதட்டியவர்கள் ராசாக்கண்ணுவின் கதையைப் பார்த்து அழுதவர்களும்தான்.

நெய்வேலியிலிருந்து பார்த்தால் இந்த விஷயத்தில் இன்னோர் அடுக்கு தெரிகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது பழுப்பு நிலக்கரி தென்பட்டது; 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது; 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மரம் சூழ்ந்த வட்டங்கள், பள்ளிகள், மருத்துவமனை, லிக்னைட் ஹால் என்று அழகான ஊர் எழுந்தது. அதற்காகக் கிராமங்கள் காலியாயின. பட்டா இருந்தவர்களுக்கு இழப்பீடு என்று ஏதோ ஒன்று கிடைத்தது. பட்டாவே இல்லாதவர்கள், வயல் எலி பிடித்தும் கூடை முடைந்தும் அறுவடைக் கூலிக்குப் போயும் வாழ்ந்தவர்கள், எந்தக் கணக்கிலும் வரவில்லை. வயல் போனால் அவர்கள் பிழைப்பும் போகிறது. ஆனால் நிலம் இழந்தோர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. வேறொரு பட்டியலில் இருக்கும். ஊரில் திருட்டு நடந்தால் யார் வீட்டுக்குப் போவது என்று காவல் நிலையம் வைத்திருக்கும் பட்டியல் அது.

அந்தப் பட்டியலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1871-இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. தென்னாற்காட்டில் அஜீஸ் நகரில் அப்படி முத்திரை குத்தப்பட்டவர்களை வேலி கட்டி வைத்த குடியிருப்பு ஒன்று இயங்கியது. சட்டம் சுதந்திரத்தை ஒட்டி நீக்கப்பட்டது. பழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்று வேறு பெயரில் உட்கார்ந்துகொண்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதையும் அறை பிரிப்பதையும் அரசமைப்புக்கு விரோதம் என்று தள்ளியது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறைக் கையேட்டு வரிகளையும் சேர்த்தே சாடியது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பகுதிகள் பிரிக்கப்பட்டிருப்பது அந்த வழக்கில் பேசப்பட்ட உதாரணங்களில் ஒன்று. சுதந்திரம் வந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு இதைச் சொல்ல ஒரு தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது.

புவியியலாளர் ரூத் வில்சன் கில்மோர் கலிஃபோர்னியாவைப் பற்றி எழுதியது இங்கே பொருந்துகிறது. 1852-லிருந்து 1964 வரை 12 சிறைகளையே கட்டிய அந்த மாநிலம், 1982-க்குப் பிறகு சுமார் இருபது ஆண்டுகளில் 23 பெரிய சிறைகளைக் கட்டியது. குற்றம் பெருகியதால் அல்ல என்று கணக்குக் காட்டினார் அவர். பயிரிட முடியாமல் போன நிலமும் வேலை போன மக்களும் மிஞ்சினார்கள், அந்த மிச்சத்தை வைக்க அரசு கண்டுபிடித்த இடம் சிறை என்றார். அவர் இந்த முடிவுக்கு வந்தது நூலகத்தில் மட்டும் உட்கார்ந்து அல்ல. 1992-இல் லாஸ் ஏஞ்சலிஸில் சிறையிலிருக்கும் பிள்ளைகளின் தாய்மார் சேர்ந்து தொடங்கிய அமைப்போடு நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்தவர் அவர். ஏறக்குறைய அதே நேரத்தில்தான் முதனைப் பார்வதி விருத்தாசலத்துக்கும் சென்னைக்குமாக அலையத் தொடங்கினார். ஒருவரை ஒருவர் அறியாத பெண்கள், வேலை ஒன்றுதான்.

நெய்வேலி அமெரிக்கா போலப் பெரிய சிறைகளைக் கட்டிக்கொண்ட ஊர் இல்லை என்பது உண்மை. இங்கே காவல் வேறு வடிவத்தில் இருக்கிறது. சுரங்க வாயில்களில் துப்பாக்கியோடு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை நிற்கிறது. 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்க வாயிலில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி அந்தப் படைவீரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர்விடும் பருவத்து நெல்வயலில் வாய்க்கால் வெட்ட மண்வாரி இயந்திரங்கள் இறங்கியபோது அவற்றுக்கு முன்னால் இறங்கியது காவல்துறை. பயிர் அழிவதைப் பார்த்து அழுதுவிட்டதாக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே சொன்னார். 2020 நவம்பரில், நெய்வேலி நகரியக் காவல்துறை திருட்டு வழக்கில் கைதுசெய்த காடாம்புலியூர் முந்திரி வணிகர் செல்வமுருகன், விருத்தாசலம் கிளைச் சிறையில் இருந்த நிலையில் இறந்தார். காவலில் அடித்ததே காரணம் என்று அவருடைய மனைவி குற்றம்சாட்டினார், உடலை வாங்க மறுத்தார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ராசாக்கண்ணு இறந்து 27 ஆண்டுகள் கழித்து, அதே வட்டாரத்தில், இன்னொரு மனைவி அதே இடத்தில் வந்து நிற்க நேர்ந்தது. அந்த நவம்பரில் 'ஜெய்பீம்' இன்னும் வெளிவந்திருக்கவில்லை.

கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப்போனால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை. பார்வதி கேட்டது காவலர்களுக்குத் தண்டனை. வாச்சாத்திப் பெண்கள் கேட்டதும் அதுவே. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த அத்தனை பேரையும் குற்றவாளிகள் என்றபோதும், 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோதும் அந்த ஊர் கண்ணீர்விட்டு மகிழ்ந்தது. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நானும் நிம்மதியோடுதான் படித்தேன். இந்தப் பெண்களிடம் போய் சிறை வேண்டாம் என்று யாரும் பாடம் எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது.

ஆனால், அந்தத் தீர்ப்புகள் வந்த வழியைப் பாருங்கள். முதனைக்குப் பதின்மூன்று ஆண்டுகள். வாச்சாத்திக்குப் பத்தொன்பது, மேல்முறையீட்டையும் சேர்த்தால் முப்பத்தொன்று. அதிகாரம் உள்ளவனைச் சிறைக்குக் கொண்டுபோக ஓர் ஊரே வாழ்நாளைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. கைநாட்டு வைக்கிறவனை உள்ளே தள்ள ஒரு சந்தேகம் போதுமானதாக இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுக்கான தேசியச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர். சிறை யாருக்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்று இந்த எண்களே சொல்கின்றன. பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற நியாயமான குரலைக் காட்டி இதைப் பெரிதாக்கினால், உள்ளே போகப்போவது பார்வதியின் வீட்டுக்காரர்கள்தான்.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி ஜார்க்கண்டில் இதைத்தான் செய்தார். சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் நிலம் இழந்த ஆதிவாசி இளைஞர்கள் விசாரணை இல்லாமல் சிறையில் கிடப்பதை ஊர் ஊராகப் போய்த் திரட்டினார். அவர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2020 அக்டோபரில் அவரே கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய 83 வயது மனிதர் தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுவளைக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, விசாரணைக் கைதியாகவே இறந்தார். சுரங்கத்துக்கும் சிறைக்கும் இடையிலான பாதையைத் தமிழர் ஒருவர் தன் உடம்பால் அளந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நெய்வேலியில் அவர் பெயரைச் சொல்லி ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும்.

சிறைக்கு மாற்று என்ன என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையைச் சொல்வேன். ஷரீஃபா கானம் தொடங்கிய 'ஸ்டெப்ஸ்' அமைப்பிலிருந்து எழுந்தது தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத். ஊர் ஜமாஅத்தில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பெண்களின் மணமுறிவையும் வரதட்சணையையும் தீர்ப்பதை மறுத்து, பெண்கள் தாங்களே உட்கார்ந்தார்கள். தீபா தன்ராஜ் 2011-இல் எடுத்த 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' ஆவணப்படம் அந்தப் பெண்களோடு பயணிக்கிறது. அடித்த கணவனைக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேட்கிறார்கள், குடும்பத்தாரை விசாரிக்கிறார்கள், நகையைத் திருப்பி வாங்குகிறார்கள், ஊரறியப் பேசுகிறார்கள். காவல் நிலையத்துக்கும் போகிறார்கள், எஃப்.ஐ.ஆர். போட மறுப்பவர்களோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அவர்கள் தங்களைச் சிறை ஒழிப்பாளர்கள் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனால், அடிபட்ட பெண்ணுக்கு முதலில் வேண்டியது அடி நிற்பது, தங்க இடம், கைக்கு வருமானம், நடந்தது நடந்ததுதான் என்று நாலு பேர் ஒப்புக்கொள்வது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒப்பந்தக் கூலி வாங்கும் கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று மந்தாரக்குப்பத்தில் ஒரு பெண் புகார் கொடுக்கத் தயங்குவது ஏன் என்று யோசித்தால் இது விளங்கும். அவன் ரிமாண்டுக்குப் போனால் அந்த மாத வாடகையை யார் கொடுப்பார்கள்? ஜாமீனுக்கு அலையப்போவதும் அவள்தானே? சிறையை மட்டும் நீட்டும் சட்டத்தில் அவளுக்கு இடம் இல்லை.

அந்த ஆவணப்படத்தை நான் உயர்வாக வைப்பதற்கு இன்னொரு காரணம், அது வழக்கில் வெல்பவரைத் தேடவில்லை. பேசும் பெண்ணின் முகத்தில் காமிரா பொறுமையாக நிற்கிறது. கலை இந்த விஷயத்தில் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று நினைக்கிறேன்.

சில சமயம் கலை முந்திக்கொண்டும் போகும். மகாசுவேதா தேவியின் சிறுகதையைத் தழுவி மணிப்பூரின் கன்ஹைலால் 2000-இல் 'திரௌபதி' நாடகத்தை மேடையேற்றினார். காவலில் சிதைக்கப்பட்ட ஆதிவாசிப் பெண், கொடுத்த துணியை மறுத்து, நிர்வாணமாக ராணுவ அதிகாரியின் முன் வந்து நிற்கும் காட்சியில் சாபித்ரி ஹைஸ்னம் நடித்தார். இம்பாலில் கண்டனம் எழுந்தது. 2004 ஜூலை 15 அன்று, ராணுவப் படையினர் பிடித்துச் சென்ற மனோரமா என்ற பெண் கொல்லப்பட்டதைக் கண்டித்து, பன்னிரண்டு தாய்மார் இம்பால் காங்லா கோட்டை வாயிலில் ஆடையின்றி நின்றார்கள். நாடகத்தைப் பார்த்து அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. பெண்களின் உடம்பு எவ்வளவு தூரம் வரை தள்ளப்பட்டிருக்கிறது என்று அந்த நடிகைக்கு முன்னமே தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் ஜாக்கி சுமெல் என்ற கலைஞர் வேறு வழியில் போனார். லூசியானாவின் அங்கோலா சிறையில் ஆறுக்கு ஒன்பது அடி அறையில் முப்பது ஆண்டுகளுக்குமேல் தனிமையில் இருந்த ஹெர்மன் வாலஸுக்கு அவர் கடிதம் எழுதினார். அப்படி வாழ்ந்த ஒரு மனிதர் கனவு காணும் வீடு எப்படி இருக்கும் என்று கேட்டார். வாலஸ் பதில் எழுதினார். பல ஆண்டுக் கடிதங்களில் ஒரு வீடு உருவானது. பூந்தோட்டம் நடுவே, அடியில் சிறுத்தை வரைந்த நீச்சல் குளத்தோடு அது வரைபடமாகவும் மாதிரியாகவும் கண்காட்சிகளுக்குப் போனது, பக்கத்திலேயே அந்த ஆறுக்கு ஒன்பது அறையின் மர மாதிரியும். 2013 அக்டோபர் 1 அன்று வாலஸ் விடுதலையானார், மூன்று நாளில் புற்றுநோயால் இறந்தார். அதன் பிறகு சுமெல் அதே அளவில் தோட்டப் பாத்திகள் அமைத்தார். தனிமைச் சிறையில் இருப்பவர்கள் கடிதத்தில் சொல்லும் செடிகளை வெளியில் இருப்பவர்கள் நடுகிறார்கள். பாத்தியின் கட்டுமானத்துக்கு அடிமைகள் விளைவித்த கரும்பு, பருத்தி, புகையிலை, அவுரி ஆகியவற்றைக் கலந்தார். அவுரி தென்னாற்காட்டின் பழைய பணப்பயிர் என்பது நம் பக்கத்து வாசகர்களுக்கு நினைவிருக்கும். மட்டக்களப்பில் கமலா வாசுகி போன்ற ஓவியர்கள், போரிலும் வீட்டிலும் பெண்கள் பட்டதை வரைவதையும் பெண்களோடு அமைப்பாக நின்று வேலைசெய்வதையும் வேறு வேறாகப் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் அப்படியொரு மரபு இன்னும் வேர் பிடிக்கவில்லை.

நமக்குத் தெரிந்த சிறைக் கலை பெரும்பாலும் சிறைத் துறை காட்டும் கலை. சிறை அங்காடியில் விற்கும் ரொட்டியும் துணியும், விழா நாளில் கைதிகள் வரைந்த ஓவியங்களும். வரைந்தவருக்கு அந்த நேரம் ஆறுதல் தந்திருக்கும், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால், சிறையைப் பற்றிச் சிறைவாசி ஒன்றும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கண்காட்சியில் நமக்குத் தெரியவருவது குறைவு. வாசலில் நிற்பவர்களைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

சிறைக்குள் பெண்கள் எண்ணிக்கை நூற்றுக்கு நான்கு. வாசலில் கணக்கு தலைகீழ். கடலூர் மத்தியச் சிறைக்கு முன்னால் மனு போட்டுப் பார்க்க நிற்கும் வரிசை பெரும்பாலும் பெண்களின் வரிசை. மனைவி, தாய், அக்காள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பையில் பிஸ்கட்டும் மாற்று லுங்கியும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். சிறைவாசியின் தண்டனையில் பாதியை வெளியே இருந்து அனுபவிப்பவர்கள் என்று இவர்களைச் சொன்னால் மிகையில்லை. உள்ளே இருக்கும் பெண்களோடு குழந்தைகளும் இருக்கிறார்கள்: 2022 கணக்கில் 1,537 தாய்மாரோடு 1,764 குழந்தைகள். ஆறு வயதுவரை தாயோடு இருக்கலாம் என்பது விதி. கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாள் 1930-களின் தொடக்கத்தில் நிறைமாதமாக வேலூர்ச் சிறையில் இருந்தார். பேறுகாலத்துக்கு வெளியே விட்டார்கள். பிள்ளையைப் பெற்று, கைக்குழந்தையோடு மிச்சத் தண்டனைக்குத் திரும்பிப் போனார். அந்தப் பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்று பெயர். அஞ்சலையம்மாள் பின்னால் மூன்று முறை சட்டமன்றத்துக்குத் தேர்வானார். தியாகி என்பதால் அவர் பெயரைப் படிக்கிறோம். இன்று உள்ளே வளரும் குழந்தைகளின் தாய்மாருக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை, தீர்ப்பும் பல பேருக்கு இல்லை.

சிறை ஒழிப்பு என்றதும் நாளைக்கே பூட்டைத் திறந்துவிடுவது என்று பயப்படுகிறார்கள். அந்த இயக்கத்தில் இருப்பவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நெய்வேலி வட்டாரத்தில் அது எங்கே தொடங்கலாம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: கிளைச் சிறையில். சந்தேகத்தின் பேரில் பிடித்து, நீதித்துறை நடுவர் முன் நிறுத்தி, ஒரு நிமிடத்தில் ரிமாண்ட் வாங்கி, விருத்தாசலத்தில் கொண்டுபோய்த் தள்ளும் பழக்கத்தை நிறுத்துவதற்குப் புரட்சி வேண்டாம். கைதானவர் உடம்பில் காயம் இருக்கிறதா என்று நடுவர் கண்ணால் பார்த்துக் கேட்க வேண்டும்; அதற்கு 1996-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த நெறிமுறைகளும், 2020 டிசம்பரில் காவல் நிலையங்களில் காமிரா பொருத்தச் சொன்ன உத்தரவும் இருக்கின்றன. முதல் முறை குற்றம்சாட்டப்பட்டவர், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாக இல்லாவிட்டால், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டாலே பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு. கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அப்படித் தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிட வேண்டும். பெண்கள் அமைப்புகள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் கூடுதல் தண்டனைக்கு முன்னால் இதையும், அடிபட்ட பெண்கள் தங்கும் இல்லங்களுக்கான பணத்தையும் எழுத வேண்டும்.

கலைஞர்களிடமும் நெய்வேலியிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த ஊரில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அங்கே ஓர் அரங்கை, சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்த பெண்களுக்குக் கொடுங்கள். ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் நாடகக்காரர்களும் அவர்களோடு சில மாதங்கள் உட்கார்ந்து, அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் மனு நகல்கள், பேருந்துச் சீட்டுகள், வாய்தாத் தேதி எழுதிய துண்டுச் சீட்டுகள் ஆகியவற்றிலிருந்து என்ன செய்ய முடியும் என்று பார்க்கட்டும். அந்தப் பெண்களுக்கு அந்த நாட்களுக்கான கூலி கொடுக்கப்பட வேண்டும். நிலக்கரி நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் அதற்கு இடமுண்டு. பெயரைப் போடலாமா, முகத்தைக் காட்டலாமா என்பதை அவர்களே முடிவுசெய்ய வேண்டும். எதை வைப்பது, எதை எடுப்பது என்று சொல்லும் உரிமை காவல்துறைக்கும் நிர்வாகத்துக்கும் இருக்கக் கூடாது.